பள்ளிக்கு அனுப்பாமல் படிக்கவைப்பது எப்படி: சாட்ஸ்வொர்த்திலிருந்து ஓர் அம்மா

முதலில் ஒரு தடித்த லீவர் ஆர்ச் ஃபைல் வாங்குங்கள். பாடப்புத்தகம், வெள்ளைப் பலகை, உலக உருண்டை எல்லாம் அப்புறம். நான் தலைகீழாகச் செய்தேன். உலக உருண்டையைத்தான் முதலில் வாங்கினேன். அது இப்போது துவைக்கிற அறையில் சோப்புத்தூள் டப்பாவுக்குப் பின்னால் கிடக்கிறது. ஃபைல் ஐந்தாவதில் வந்து நிற்கிறது.

பிறந்தது திருநெல்வேலிப் பக்கம். கல்யாணமாகி 2009-ல் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்தேன். சாட்ஸ்வொர்த் அங்கே இந்தியர்கள் நிறைந்த பகுதி. வீட்டுக்காரர் குடும்பம் இங்கேயே வேர்விட்ட குடும்பம்; 1860-ல் மதராஸிலிருந்து முதன்முதலில் இந்தியக் கூலிகளை ஏற்றிவந்த ட்ரூரோ கப்பலுக்குப் பின்னால் வந்த ஏதோ ஒரு கரும்புத்தோட்டக் கப்பலில் அவர்களுடைய பாட்டன் பூட்டன் வந்திறங்கியிருக்கிறார்கள். எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். 2020 ஊரடங்கில், பள்ளி ஒருநாள் விட்டு ஒருநாள் நடந்தபோது, மூத்தவள் ஒரு முழுநாள் பாடத்தை வீட்டில் இரண்டு மணி நேரத்தில் முடித்துவிட்டு "இப்ப என்னம்மா செய்யறது?" என்று நின்றாள். அந்தக் கேள்விதான் தொடக்கம். 2021 ஜனவரியிலிருந்து இரண்டு பேரையும் வீட்டில் வைத்தே படிக்கவைத்தேன். மூத்தவள் எட்டாம் வகுப்புக்கு அவளாகக் கேட்டுப் பள்ளிக்கூடம் போய்விட்டாள். சின்னவனுக்கு இந்த வருஷம் ஆறாம் வகுப்பு, இன்னும் என்னோடுதான். ஆகவே இதை ஒரு வெற்றிக்கதையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒன்று போய் ஒன்று மீந்த கணக்கு.

வருஷக் கடைசி நெருங்கும்போது கோவில் சாப்பாட்டு வரிசையில் யாராவது என் பக்கத்தில் ஒதுங்கி, குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள்: "அது லீகலா?" அங்கிருந்தே தொடங்குகிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது

லீகல்தான். 1996-ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்கப் பள்ளிகள் சட்டத்தின் 51-ஆவது பிரிவு வீட்டுக்கல்விக்கு இடம் தருகிறது. ஆனால் நீங்களாக நிறுத்திக்கொள்ள முடியாது. மாகாணக் கல்வித்துறைத் தலைவரிடம் விண்ணப்பித்துப் பிள்ளையைப் பதிவுசெய்ய வேண்டும். 2024 செப்டம்பர் 13-ஆம் தேதி அதிபர் ராமபோசா கையெழுத்திட்ட பேலா சட்டம் (அடிப்படைக் கல்விச் சட்டங்களின் திருத்தம்) இதை இன்னும் இறுக்கியது. முன்பு ஏழு வயதில் தொடங்கிய கட்டாயக் கல்வி இப்போது ஒன்றாம் வகுப்புக்கு முந்தைய கிரேடு ஆரிலிருந்தே தொடங்குகிறது. தகுந்த காரணமில்லாமல் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாத பெற்றோருக்கு அபராதமோ சிறையோ உண்டு. ஆறு மாதமாக இருந்த உச்சத் தண்டனை பன்னிரண்டு மாதமாகியிருக்கிறது. பதிவுசெய்துவிட்டால் இந்தப் பயம் உங்களுக்கு இல்லை.

பதிவுக்கு ஈடாக நீங்கள் ஒப்புக்கொள்வது இவை: பிள்ளையின் கல்விக்கு முழுப்பொறுப்பு உங்களுடையது; உங்கள் பாடத்திட்டம் தேசியப் பாடத்திட்டத்தோடு ஒப்பிடத்தக்க அளவாவது இருக்கும்; ஒவ்வொரு கட்டமும் முடியும்போது, அதாவது 3, 6, 9-ஆம் வகுப்பு முடிவில், தகுதியுள்ள ஒரு மதிப்பீட்டாளரைக் கொண்டு பிள்ளையைச் சோதித்து அறிக்கையைத் துறைக்குக் கொடுப்பீர்கள். துறை பதிவு தர மறுத்துவிட்டால் மாகாணக் கல்வி அமைச்சரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

ஒன்றைக் கவனியுங்கள். சட்டம் சொல்லும் வீட்டுக்கல்வி என்பது பெற்றோரின் மேற்பார்வையில், பெரும்பாலும் வீட்டுச் சூழலில் நடப்பது. கணக்குக்கு ஒரு டியூட்டர் வைத்துக்கொள்ளலாம், தப்பில்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் சிலர் ஒரு வீட்டுக் கராஜில் பதினைந்து பிள்ளைகளை உட்காரவைத்து, மாதக் கட்டணம் வாங்கிக்கொண்டு, "இதுவும் ஹோம்ஸ்கூல்தான்" என்கிறார்கள். அது வீட்டுக்கல்வி ஆகாது. பதிவில்லாத பள்ளிக்கூடம் அது. அங்கே பிள்ளையைச் சேர்ப்பதற்கு முன் அவர்கள் தனியார் பள்ளியாகப் பதிவுசெய்திருக்கிறார்களா என்று கேளுங்கள். கோபித்துக்கொண்டால் அதுவே பதில்.

பதிவே செய்யாமல் நடத்தும் குடும்பங்களும் நிறைய உண்டு. என் பிள்ளையை நான் படிக்கவைக்க எவரிடம் போய் அனுமதி கேட்பது என்பது அவர்கள் வாதம். மனசளவில் நானும் அந்தப் பக்கம்தான். தெரிவித்தால் போதும் என்று சட்டம் இருந்திருக்கலாம். அனுமதி கேள் என்று இருப்பது உறுத்துகிறது. அதுவும் இந்த நாட்டில். 1953-ல் கறுப்பின மக்களுக்கென்று தனியாகத் தரம் தாழ்ந்த ஒரு கல்வியைச் சட்டம்போட்டு வகுத்த அரசு இருந்த நாடு இது. 1965-ல் இந்தியர்களுக்கென்று இன்னொரு கல்விச் சட்டம். எந்தப் பிள்ளை எவ்வளவு படிக்கலாம் என்று மேலே இருப்பவன் முடிவுசெய்ததன் வடு இங்கே இன்னும் ஆறவில்லை.

இருந்தும் நான் பதிவுசெய்தேன். நாளைக்குப் பிள்ளை பள்ளிக்குத் திரும்ப நினைத்தால், "இத்தனை வருஷம் எங்கே இருந்தாய்?" என்ற கேள்வி அவள் முகத்தைப் பார்த்துத்தான் கேட்கப்படும், என் முகத்தைப் பார்த்து அல்ல. மூத்தவள் திரும்பிப் போனபோது அந்தப் பதிவுக் கடிதமும் ஃபைலும்தான் கதவைத் திறந்தன. இன்னொன்றும் உண்டு, சொல்லக் கொஞ்சம் கசப்பு: வீட்டுக்குள் வைத்துப் பிள்ளையைப் பாழாக்குகிற பெற்றோரும் உலகத்தில் இருக்கிறார்கள். வெளியிலிருந்து ஒரு கண் இருப்பது நல்லது.

தாள்கள்

பிறப்புச் சான்றிதழ், பெற்றோர் அடையாள அட்டை, பிள்ளை பள்ளியில் இருந்திருந்தால் கடைசி ரிப்போர்ட், வாரக் கால அட்டவணை, பாடத்திட்டம், ஏன் வீட்டுக்கல்வி என்ற விளக்கம். இவ்வளவையும் தயார் பண்ணிவிட்டுத்தான் படிவத்தைத் தொடுங்கள். நகல்களைக் காவல்நிலையத்தில் கொடுத்தால் காசில்லாமல் முத்திரை குத்திக் கையெழுத்துப் போட்டுத் தருவார்கள். அந்த முத்திரை மூன்று மாதத்துக்குள் போட்டதாக இருக்கட்டும். முதல் தடவை நான் அண்டை வீட்டுக் கடையில் ஜெராக்ஸ் எடுத்து அப்படியே அனுப்பினேன். முழுக் கட்டும் திரும்பி வந்தது. காவல்நிலையத்துக்குச் செவ்வாய், புதன் காலையில் போங்கள். திங்கட்கிழமை வார இறுதிச் சண்டைகளெல்லாம் வரிசையில் நிற்கும்.

"ஏன்" என்ற விளக்கத்தில் பள்ளிகளைத் திட்டாதீர்கள். அதை வாசிக்கப்போகிறவர் பெரும்பாலும் முன்னாள் ஆசிரியர். உங்கள் பிள்ளைக்கு இது எப்படி நல்லது என்று மட்டும் எழுதுங்கள், ஒன்றரைப் பக்கம் போதும். அனுப்பிய மின்னஞ்சலை அச்செடுத்து ஃபைலில் வையுங்கள். யாரோடாவது தொலைபேசியில் பேசினால் தேதி, நேரம், பேசியவர் பெயர் மூன்றையும் ஃபைலின் முதல் தாளில் குறித்துவிடுங்கள்.

முதல் ஆறு மாதம்

ஒரு நிறுவனத்திடமிருந்து வருஷப் பாடத்தை மொத்தமாகப் பெட்டியில் வரவழைத்தேன். கூரியர்காரர் அதைத் தோளில் சுமந்து படியேறி வந்தார். வாசலில் நின்று பார்த்த அத்தை, அதாவது என் மாமியார், "இன்னா புள்ள, அரிசி மூட்டையா?" என்றார். காலை எட்டுக்கு மணி, பத்தரைக்கு இடைவேளை, சமையலறையை ஒட்டிய மேசையில் வகுப்பு. மூன்றாவது வாரம் மூத்தவள் கழிவறைக்குப் போய் நாற்பது நிமிஷம் வெளியே வரவில்லை. கதவைத் தட்டினால், "இங்கதான் மணி அடிக்காது" என்றாள்.

பெட்டி வாங்கியதில் எனக்கு வருத்தமில்லை. அதை வாங்கினால் பாடம் என்னவென்று தெரிந்துவிட்டதாக நினைத்ததுதான் தப்பு. காசு செலவழிக்கும் முன் இலவசமாக இருப்பதைப் பாருங்கள். அடிப்படைக் கல்வித்துறையின் பயிற்சிப் புத்தகங்கள் இணையத்தில் அப்படியே கிடைக்கின்றன. கணக்கு, அறிவியலுக்கு சியாவுலா பாடநூல்கள் பதிவிறக்க இலவசம். பழைய மெட்ரிக் (பன்னிரண்டாம் வகுப்பு இறுதித் தேர்வு) வினாத்தாள்கள் துறையின் தளத்திலேயே இருக்கின்றன. நகராட்சி நூலக அட்டை எங்கள் குடும்பத்துக்கு நான்கு. மேலே செலவு என்று பார்த்தால் பிரிண்டர் மையும் டேட்டாவும்தான். மை ஆளைத் தின்றுவிடும். கறுப்பு வெள்ளையில் மட்டும் அச்செடுக்கப் பழகுங்கள்.

இப்போது எங்கள் கால அட்டவணை படிவத்துக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று. பொய் சொல்வதாக நினைக்காதீர்கள். வாரக்கணக்கில் கூட்டிப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். காலை ஏழரையிலிருந்து ஒன்பதரை வரை கணக்கும் ஆங்கிலமும். தலை தெளிவாக இருக்கிற நேரம் அது, அதை விட்டுக்கொடுப்பதில்லை. மற்றதெல்லாம் நாளைப் பார்த்து, வானத்தைப் பார்த்து.

உதாரணத்துக்கு, மீன். ஜூன், ஜூலையில் குளிர்ந்த நீரோட்டத்தோடு கேப் பக்கமிருந்து சார்டின் கூட்டம் இந்தக் கரையோரமாக மேலேறி வரும். எங்கள் ஊரில் சாளை என்போம். கரைவலைக்காரர்கள் இழுத்ததும் பெரியவர் சின்னவர் பாகுபாடில்லாமல் வாளியோடும் சட்டை முனையோடும் தண்ணீரில் இறங்குவார்கள். மீனைத் துரத்தி டால்பினும் சுறாவும் வருவதால், குளிக்கும் கடற்கரைகளில் போட்டிருக்கும் சுறா வலைகளை அந்த நாட்களில் எடுத்துவிடுவார்கள். செய்தி காதில் விழுந்ததும் நாங்கள் புத்தகத்தை மூடிவிட்டுத் தெற்குக் கரைக்குக் காரை எடுத்துவிடுவோம். திரும்பி வந்து அன்றிரவு ஃபைலில் நான் எழுதியது இது: "அறிவியல்: நீரோட்டம், உணவுச் சங்கிலி. கணக்கு: ஒரு பெட்டியில் எத்தனை மீன், ஒரு மீன் என்ன விலை, வகுத்தல். சமூக அறிவியல்: கரையோர வரைபடம். மொழி: ஒரு பக்கக் கட்டுரை." கூடவே இரண்டு புகைப்படம், பையன் தன் கையால் போட்ட கணக்குத்தாள். மதிப்பீட்டாளர் அதைப் பத்து நிமிஷம் பார்த்துக்கொண்டிருந்தார். மீன் குழம்பைப் பற்றி ஃபைலில் எழுதவில்லை. அது அத்தையின் துறை.

டர்பன் தாவரவியல் பூங்காவும் அப்படித்தான். 1849-ல் தொடங்கியது, நுழைவுக்குக் காசில்லை. அங்கே நிற்கிறது ஒரு சைக்காட் வகை, பார்க்கப் பனைபோல இருக்கும் பழங்கால மரம். 1895-ல் ங்கோயே காட்டில் ஒரே ஓர் இடத்தில் கண்டெடுக்கப்பட்டது. அதில் ஆண் மரம்தான் உண்டு, பெண் மரம் இன்றுவரை உலகத்தில் எங்கும் அகப்படவில்லை. இன்றிருப்பதெல்லாம் அந்த ஒன்றின் கிளைக்கன்றுகள். அத்தை அதைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "பொண்ணு தேடறாங்களா இன்னும்?" என்றார். மகரந்தச் சேர்க்கை பற்றி அதற்குப் பிறகு நான் ஒரு வரிகூடச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

நான் கோட்டைவிட்டது

இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். சின்னவன் வாயாடி. எதைக் கேட்டாலும் கடகடவென்று சொல்வான். சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டே போனேன். மூன்றாம் வகுப்பு முடிவில், ஆசிரியர் மன்றத்தில் பதிவுபெற்ற ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவரை மதிப்பீட்டுக்கு அமர்த்தினேன். அவர் ஃபைலைப் புரட்டிவிட்டு, "இது யார் கையெழுத்து?" என்று கேட்டார். எனக்குக் காதுவரை சூடேறியது. அதுவரை அவன் தானாக எழுதியது மொத்தம் இருபது பக்கம் தேறாது. அறிவு வயதுக்கு மேல், எழுத்து இரண்டு வகுப்புக்குக் கீழே. அந்த அம்மா திட்டவில்லை. "தினம் ஐந்து வரி. நீ பேனாவைத் தொடாதே" என்றார். ஒரு வருஷம் பிடித்தது.

ஆகவே, சட்டம் கேட்கிறதென்று மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மட்டும் மதிப்பீட்டாளரைப் பார்க்காதீர்கள். வருஷத்துக்கு ஒருமுறை, சும்மா ஒரு டீக்காவது, உங்கள் சொந்தக்காரர் அல்லாத ஓர் ஆசிரியரிடம் ஃபைலைக் காட்டுங்கள். அம்மாவின் கண்ணுக்கு அம்மாவின் கையெழுத்து தெரியாது.

தமிழ்

டர்பனுக்கு வெளியே இருப்பவர்களுக்கு ஒரு செய்தி: இந்த நாட்டின் அரசியலமைப்பிலேயே தமிழின் பெயர் இருக்கிறது. ஆட்சிமொழி அல்ல, சமூகங்கள் வழங்கும் மொழி என்ற வகையில் மதித்து வளர்க்கப்பட வேண்டியவற்றின் பட்டியலில், 6-ஆவது பிரிவில். மெட்ரிக்கில் தமிழை ஒரு பாடமாக எடுக்கவும் வழி உண்டு. ஆனால் பள்ளியில் தமிழ் டீச்சர் கிடைப்பது குதிரைக்கொம்பு. 1980-களில் இந்தியப் பிள்ளைகளின் பள்ளிகளில் பாடவேளைக்குள்ளேயே தமிழ் இருந்தது என்று நாத்தனார் சொல்வார். அவருக்கு இன்னும் "அணில், ஆடு, இலை" வரை வரும்.

வீட்டுக்கல்வியில் எனக்குக் கிடைத்த பெரிய சுதந்திரம் இதுதான் என்று நினைத்து, சுவர் நிறைய உயிரெழுத்து அட்டை ஒட்டினேன். இணையத்தில் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இலவசம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் பாடங்களும் இலவசம். எல்லாம் நல்லவை. பிள்ளைகள் இரண்டுக்கும் ஒட்டவில்லை. பாடப்புத்தகத்துக் கிணறும் வண்டிமாடும் அவர்கள் கண்டதில்லை.

ஒட்டியது வேறு. அத்தை பேசுவது சமையலறைத் தமிழ், அதுவும் வட ஆற்காட்டுப் பக்கத்து வாசனை இன்னும் போகாத தமிழ். எழுதப் படிக்கத் தெரியாது. தேவாரத்தை ஆங்கில எழுத்தில் அச்சடித்த புத்தகத்திலிருந்துதான் பாடுவார். ஆடி மாதக் கஞ்சிப் பூசைக்கு அவர் செய்கிற புளித்த கஞ்சியின் பக்குவம் வேறு யாருக்கும் தெரியாது. "ஆயா சொல்லச் சொல்ல எழுது" என்று மூத்தவளை உட்காரவைத்தேன். "ரெண்டு கைப்பிடி" என்றால் யார் கை என்று சண்டை. "கொதி வந்தா எறக்கு" என்பதை "இறக்கு" என்று எழுதுவதா, ஆயா சொன்னபடி எழுதுவதா என்று இன்னொரு சண்டை. ஆயா சொன்னபடியே எழுதச் சொன்னேன். நாற்பத்தொரு பக்குவம் சேர்ந்தது. சின்னவன் எழுத்துக்கூட்டி அதை ஆயாவுக்கு வாசித்துக் காட்டினான். தான் பேசியது தமிழ் எழுத்தில் திரும்பி வருவதை எழுபத்தைந்து வயதில் முதல்முறையாகக் கேட்ட மனுஷி, "இதுல உப்பு சொல்லவே இல்லையே நான்" என்றார்.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருப்பார். அவரிடமிருந்து தொடங்குங்கள், அட்டையிலிருந்து வேண்டாம். ஸூலு மொழிக்கும் இதே வழிதான்: எங்கள் தெருமுனையில் சோளம் சுட்டு விற்கும் அம்மாவிடம் பையன் தினமும் பத்து நிமிஷம் பேசுகிறான். நாக்கைச் சொடுக்கும் அந்த மூன்று ஒலிகளும் அவனுக்கு வந்துவிட்டன. எனக்கு ஒன்றுகூட வரவில்லை.

மாமாவின் கேள்வி

சொந்தக்காரர்களைச் சமாளிப்பது பற்றி எல்லோரும் கேட்பீர்கள். பெரும்பாலானவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. "கூடிப் பழகத் தெரியாமல் போய்விடாதா?" என்று கேட்பவரை ஒரு நாள் உங்கள் பிள்ளையோடு தனியாக விட்டுவிட்டுக் கடைக்குப் போங்கள், போதும். ஆனால் என் மாமனாரின் கேள்வி அப்படிப்பட்டதில்லை.

அவர் மேகசின் பாரக்ஸில் பிறந்தவர். மாநகராட்சித் துப்புரவு வேலைக்காரர்களாக இருந்த இந்தியர்கள், பெரும்பாலும் தமிழரும் தெலுங்கரும், குடியிருந்த இடம். 1960-களில் இடித்துவிட்டு எல்லோரையும் சாட்ஸ்வொர்த்துக்குத் தள்ளினார்கள். அவர் படித்த காலத்தில் இந்தியப் பிள்ளைகளுக்குப் பள்ளி இடம் போதாது. காலையில் ஒரு கூட்டம், மத்தியானம் இன்னொரு கூட்டம். பிளட்டூன் வகுப்பு என்று பெயர். "அவங்க வெளிய வந்தா நாங்க உள்ள. பெஞ்சு சூடாவே இருக்கும்" என்பார். அரசு பாதிக் காசு, சனங்கள் பாதிக் காசு என்று கட்டின பள்ளிக்கூடங்கள். அவருடைய அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ச் செங்கல் சுமந்திருக்கிறார்.

2021-ல் நான் விண்ணப்பம் அனுப்பியது தெரிந்ததும் அவர் சத்தம் போடவில்லை. தட்டை நகர்த்திவிட்டு, "எங்கப்பன் கல்லு சொமந்து கட்டினத நீ வேணாம்ன்ற" என்றார். இரண்டு நாள் பேசவில்லை.

என் பதில் இன்றைக்கும் முழுசாக இல்லை. அவர்கள் சுமந்தது, பிள்ளையின் படிப்பை அரசு தீர்மானிக்க விடக்கூடாது என்பதற்காக என்று நான் சொல்லிப் பார்த்தேன். அவர், "இல்ல. ஒரு பெஞ்சுக்காக" என்றார். அதற்கு மேல் என்ன சொல்வது? வெள்ளிக்கிழமை மத்தியானங்களில் அவரையே வரலாறு எடுக்கச் சொன்னேன். முதல் வகுப்பே பிளட்டூன்தான். அவர் வாதத்தை அவரே பிள்ளைகளுக்குச் சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன். எதிர்ப்பவர் வீட்டிலேயே இருந்தால் அவருக்கு ஒரு பாடவேளை ஒதுக்குங்கள் என்பதுதான் என் யோசனை.

பத்தாம் வகுப்பு

ஒன்பதாம் வகுப்பு வரை மெத்தனமாக இருந்தாலும் ஓடிவிடும். பத்தில் வாசல் குறுகிவிடும், அதனால் எட்டிலேயே முடிவெடுங்கள். தேசிய மெட்ரிக் வேண்டுமென்றால் அது பத்து, பதினொன்று, பன்னிரண்டு மூன்று வருஷப் படிப்பு; இடையில் ஏறிக்கொள்ள முடியாது. சக்காய் போன்ற தேர்வு அமைப்பு ஒன்றின் கீழ், ஒரு பாட நிறுவனம் வழியாகப் பத்திலேயே பதிந்தாக வேண்டும். ஏழு பாடம், அதில் இரண்டு ஆட்சிமொழிகள், கணக்கு அல்லது கணித எழுத்தறிவு (அன்றாடக் கணக்கு மட்டும்), வாழ்வியல், மீதி மூன்று உங்கள் விருப்பம். பெரும்பாலான பாடங்களில் நான்கில் ஒரு பங்கு மதிப்பெண் வருஷம் முழுக்கச் செய்யும் வேலைக்கு. அடுத்த வழி பிரிட்டனின் கேம்பிரிட்ஜ் தேர்வு. வெளித் தேர்வராக எழுதலாம், வருஷ வேலை மதிப்பெண் தொல்லை குறைவு. ஆனால் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கு விலக்குச் சான்றிதழ் வாங்க வேண்டும், தேர்வுக் கட்டணமும் பவுண்டு விலையோடு ஏறி இறங்கும்.

கணித எழுத்தறிவு எடுத்தால் பொறியியலும் மருத்துவமும் மூடிக்கொள்ளும் என்பதைப் பிள்ளையிடம் பதினான்கு வயதிலேயே சொல்லிவிடுங்கள். பதினேழில் சொன்னால் அது துரோகம்.

பிள்ளை கேட்டால்

ஒவ்வொரு செப்டம்பரிலும் இரண்டு பேரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேட்பேன்: அடுத்த வருஷம் வீடா, பள்ளியா? பதில் எதுவானாலும் முகம் சுளிக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். மூன்று வருஷம் இருவரும் "வீடு" என்றார்கள், நான் பெருமையில் மிதந்தேன். நான்காவது வருஷம் மூத்தவள், "பள்ளி" என்றாள். முகம் சுளித்தேன். அவள் பார்த்துவிட்டாள்.

அந்த வாரம்தான் இனாண்டாவில் காந்தி குடியிருந்த ஃபீனிக்ஸுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தோம். இதே டர்பனில் அவர் தன் பிள்ளைகளை வெள்ளையர் பள்ளிக்கு அனுப்ப மறுத்தவர். அவருக்குச் சலுகையாக இடம் கிடைத்திருக்கும். மற்ற இந்தியப் பிள்ளைகளுக்கு இல்லாதது தன் பிள்ளைகளுக்கு வேண்டாம் என்றார். பின்னால் டால்ஸ்டாய் பண்ணையில், தமிழ்ப் பிள்ளைகளுக்கு அவர்களைவிடக் குறைவான தமிழோடு தமிழே சொல்லிக்கொடுத்தார். எனக்குப் பிடித்த காட்சி அது. ஆனால் மூத்த மகன் ஹரிலால் முறையான படிப்புக்கு ஏங்கினார். அப்பா அவருடைய கொள்கைக்குத் தன்னைப் பலிகொடுத்தார் என்ற மனக்குறை அவருக்குக் கடைசிவரை போகவில்லை. 1911-ல் படிக்க வேண்டும் என்று அப்பாவை விட்டு இந்தியாவுக்குப் போனார். காரில் திரும்பும்போது மூத்தவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "அவர் கேட்டிருக்காரா, பையன்கிட்ட?" என்றாள்.

மறுநாள் பள்ளி விண்ணப்பத்தை இறக்கினேன். எட்டாம் வகுப்புக்கு இடம் கேட்பவர்கள் வருஷத்தின் முற்பாதியிலேயே கேட்டுவிடுங்கள். செப்டம்பரில் ஓடிய எனக்கு நான்காவது பள்ளியில்தான் இடம் கிடைத்தது. நேர்முகத்துக்கு நான்கு ஃபைல்களையும் தூக்கிக்கொண்டு போனேன். துணைத் தலைமை ஆசிரியை முதல் ஃபைலின் முதல் தாளைத் திறந்தார். தொலைபேசிக் குறிப்புகள், தேதிகள். "நீங்க எங்க வேலை பாக்கறீங்க?" என்று கேட்டார். வீட்டில் என்றேன்.

இந்த டிசம்பரில் சின்னவனுக்கு ஆறாம் வகுப்புக் கட்டம் முடிகிறது. மதிப்பீட்டாளருக்கு நவம்பர் இரண்டாம் வாரத்தில் நேரம் வாங்கியாகிவிட்டது. அதற்குப் பிறகு பள்ளித் தேர்வு வேலை வந்துவிட்டால் அவர்கள் அகப்பட மாட்டார்கள். ஐந்தாவது ஃபைலின் முதுகில் பெயரையும் வருஷத்தையும் அவனே எழுதினான். எழுத்து கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. நான் பேனாவைத் தொடவில்லை.